கட்டியின் மரபணு ரிப்போர்ட்டில் எந்த வரியை முதலில் படிப்பது?

நான் டாக்டர் இல்லை. பிஇ முடித்துவிட்டு இருபது வருடமாக மென்பொருள் எழுதுகிறவன். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கிற பழக்கம் இருப்பதால், தெரிந்தவர்கள் வீட்டில் யாருக்காவது புற்றுநோய் என்றால் ஒரு பிடிஎஃப் என் வாட்ஸப்புக்கு வந்துவிடுகிறது. "சார், இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாருங்க." திறந்தால், கட்டியின் மரபணுக்களைப் படித்து எழுதிய ரிப்போர்ட். இருபது, முப்பது பக்கம். இந்த ரிப்போர்ட்டுகள் எழுதப்படும் விதத்தின் மீது எனக்கு ஒரு விமர்சனம் இருக்கிறது. அதற்கு முன், இந்தத் தொழில்நுட்பம் நிஜமாகவே எங்கே சாதித்தது என்று பார்த்துவிடுவோம்.

நுரையீரல் புற்றுநோய்தான் சிறந்த உதாரணம். கிழக்கு ஆசியாவில் 1,217 பேரை வைத்து நடந்த ஐபாஸ் ஆய்வு 2009-இல் வெளியானது. ஜெஃபிடினிப் மாத்திரையா, வழக்கமான கீமோவா என்பது கேள்வி. இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தவர்களில் 71% பேருக்கு மாத்திரையில் கட்டி சுருங்கியது; கீமோவில் 47%. மாற்றம் இல்லாதவர்களில் மாத்திரைக்குச் சுருங்கியது வெறும் 1%; கீமோவுக்கோ 23.5%. அதாவது டெஸ்ட் செய்யாமல் மாத்திரை கொடுத்தால் பாதிப் பேருக்கு நல்லது, மீதிப் பேருக்குக் கெடுதல். ஒரே ஒரு மரபணு, ஒரே ஒரு கேள்வி, தெளிவான பதில்.

நம் நாட்டிலும் இதைத் தொடர்ந்து நல்ல வேலை நடந்திருக்கிறது. மும்பை டாடா மெமோரியலில் இந்த மாற்றம் உள்ள 350 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பாதிக்கு ஜெஃபிடினிப் மட்டும், இன்னொரு பாதிக்கு அதோடு கீமோவும் கொடுத்தார்கள். 2020-இல் வெளியான முடிவு: நோய் முற்றாமல் இருந்த காலம் 8 மாதத்திலிருந்து 16 மாதமாக உயர்ந்தது. பக்க விளைவுகளும் கூடத்தான் செய்தன. ஆனால் இரண்டுமே இங்கே கிடைக்கிற, ஜெனரிக் வடிவில் விலை குறைந்த மருந்துகள்.

சரி, ஒரு மரபணுவைப் பார்த்தே இவ்வளவு பலன் என்றால், முந்நூறு மரபணுவைப் பார்த்தால்? கேள்வி நியாயமானது. ஆனால் கணக்கு அப்படி வேலை செய்யவில்லை.

பிரான்சில் ஷிவா என்றொரு ஆய்வு. 741 பேரின் கட்டியைப் பரிசோதித்து, பொருத்தமான மாற்றம் கிடைத்த 195 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மரபணு காட்டிய மருந்து, மற்றதற்கு டாக்டர் வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் சிகிச்சை. 2015-இல் வந்த முடிவு: 2.3 மாதம், 2.0 மாதம். வித்தியாசமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மருந்தையும் மாற்றத்தையும் பொருத்திய விதிகள் பலவீனமானவை என்று இந்த ஆய்வை விமர்சித்தவர்கள் உண்டு. அது சரிதான். ஆனால் நம் கைக்கு வரும் ரிப்போர்ட்டுகளில் பல வரிகள் அதே மாதிரி பலவீனமான பொருத்தங்கள்தானே!

ஏன் பொருந்துவதில்லை? பிராஃப் மரபணுவில் வி600இ என்ற மாற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் இந்த மாற்றத்துக்கு வெமுராஃபெனிப் கொடுத்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கட்டி சுருங்குகிறது. அதே மாற்றம், அதே மருந்து, ஆனால் பெருங்குடல் புற்றுநோய் என்றால்? ஒரு ஆய்வில் 21 பேரில் ஒருவருக்குத்தான் சுருங்கியது. காரணம் 2012-இல் தெரிந்தது. பெருங்குடல் செல்லில் பிராஃபை அடைத்தால் இஜிஎஃப்ஆர் விழித்துக்கொண்டு அதே சிக்னலை வேறு வழியாக அனுப்புகிறது. நம்ம பெங்களூர் ஹைவேயில் மெயின் ரோட்டை மறித்தால் சர்வீஸ் ரோட்டில் வண்டி புகுந்து போகுமே, அந்த மாதிரி. இரண்டு ரோட்டையும் சேர்த்து மறித்த பிறகுதான் பலன் வந்தது. மரபணு மாற்றம் எந்த உறுப்பில் இருக்கிறது என்பதும் விடையில் பாதி.

இதற்காகத்தான் ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவர் சங்கமான எஸ்மோவின் நிபுணர்கள் 2018-இல் எஸ்காட் என்ற தரவரிசையை உருவாக்கினார்கள். முதல் தரம்: இதே வகைப் புற்றுநோயில், நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் பலன் நிரூபணமானது. இரண்டாம் தரம்: மருந்து வேலை செய்வது தெரியும், எவ்வளவு பலன் என்பது இன்னும் உறுதியாகவில்லை. மூன்றாவது: வேறு உறுப்பில் பலித்தது. நான்காவது: ஆய்வகத்தில் மட்டும் பார்த்தது. இந்த வரிசையின் மதிப்பு 2022-இல் சஃபிர்02 மார்பகப் புற்றுநோய் ஆய்வில் தெரிந்தது. மொத்தமாகப் பார்த்தபோது மரபணு வழிச் சிகிச்சைக்கு உறுதியான பலன் இல்லை. முதல் இரண்டு தரத்தில் இருந்தவர்களை மட்டும் பார்த்தபோது 2.8 மாதம் 9.1 மாதமாக உயர்ந்தது.

என் விமர்சனம் இங்கேதான் வருகிறது. நான் பார்த்த ரிப்போர்ட்டுகளில் முதல் பக்கத்தில் மரபணுவின் பெயரும் மருந்தின் பெயரும் கலர் கட்டத்தில் பெரிதாக இருக்கும். ஆதாரத்தின் தரம் உள்ளே எங்கோ சின்ன எழுத்தில் இருக்கும். முதல் தரமும் நான்காம் தரமும் ஒரே கட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஒரு மென்பொருளில் உயிர்போகிற எச்சரிக்கையையும் சாதாரணத் தகவலையும் ஒரே நிறத்தில் காட்டினால் டெஸ்டிங்கிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம். இங்கே அதை நம்பி நகையை விற்கிறார்கள்.

தண்டலத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ரோட்டில் கம்பெனி பஸ்கள் ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றுகின்றன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை பார்ப்பவர்களில் நிறையப் பேர் மாதம் 21,000 ரூபாய் என்ற இஎஸ்ஐ வரம்புக்குள் சம்பளம் வாங்குகிறவர்கள். பெரிய பேனல் டெஸ்ட் அவர்களுக்குப் பல மாதச் சம்பளம். டெஸ்ட்டுக்குப் பிறகு மருந்துக்கு என்ன மிஞ்சும்? அமெரிக்காவில் என்சிஐ-மேட்ச் என்ற திட்டத்தில் கிட்டத்தட்ட 6,000 பேரைப் பரிசோதித்தார்கள். மருந்தோடு பொருத்தக்கூடிய மாற்றம் இருந்தது சுமார் 38% பேருக்கு. மருந்துப் பிரிவுக்கு ஒதுக்கப்பட்டவர்கள் 18% பேர். மருந்து கையில் இருந்த இடத்திலேயே இதுதான் நிலை.

இன்னொன்று, ஃபேக்டரிக்காரர்களுக்குச் சட்டென்று புரியும்: உள்ளே வரும் பொருள் சரியில்லை என்றால் மெஷின் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் பயனில்லை. பயாப்ஸித் துண்டு ஃபார்மலினில் அளவுக்கு மீறி ஊறினாலோ, எலும்புத் துண்டை ஆசிடில் கரைத்தாலோ டிஎன்ஏ சிதைந்துவிடும். மரபணுவைப் பரவலாக்க நினைப்பவர்கள் முதலில் காசு போட வேண்டிய இடம் மாவட்ட ஆஸ்பத்திரியின் பேத்தாலஜி லேப்.

பெரிய டெஸ்ட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. முற்றிய நுரையீரல், சினைப்பை, புராஸ்டேட், பித்தநாளப் புற்றுநோய்களுக்கு எஸ்மோ 2020-லேயே பரிந்துரைத்தது. 2024-இல் முற்றிய மார்பகப் புற்றுநோயும் சேர்ந்தது. 2025 பிப்ரவரியில் சென்னை ஐஐடி, 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் திசுக்களிலிருந்து எடுத்த இந்திய மரபணுத் தரவுத்தளத்தை வெளியிட்டது. பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்தே உருவான தரவுகளோடு நம் ரிப்போர்ட்டை ஒப்பிட்டுக்கொண்டிருந்த குறை இதனால் கொஞ்சமாவது தீரும்.

இனி யாராவது பிடிஎஃப் அனுப்பினால் நான் சொல்லப்போவது, டாக்டரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள் என்பதுதான். ஒன்று, இந்த மருந்துக்கான ஆதாரம் இதே உறுப்பின் புற்றுநோயில் வந்ததா, வேறு உறுப்பிலா? இரண்டு, வழக்கமான சிகிச்சையை விட இது எத்தனை மாதம் கூடுதலாகத் தரும் என்று ஆய்வு சொல்கிறது? மூன்று, மருந்து இங்கே கிடைக்குமா, எத்தனை மாதம் நம்மால் வாங்க முடியும்? டெஸ்ட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட்டால் இன்னும் நல்லது.