உலகறி சுட்டும் நெஞ்சறி சுட்டும்: ‘அந்த நாள்’ திரைப்படமும் பார்வையாளர் தீர்ப்பும்

1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் ஏ.வி.எம். நிறுவனத்தின் வெளியீடாக வந்த ‘அந்த நாள்’ திரைப்படத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு செய்திகளோடு அமைந்துவிடுகின்றனர். பாடலும் ஆடலும் சண்டையும் இல்லாத முதல் தமிழ்ப்படம் அது என்பது ஒன்று. அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ (1950) படம் தந்த தூண்டுதலால் எஸ். பாலசந்தர் அதனை உருவாக்கினார் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. எனினும் இவை படத்தின் வடிவம் பற்றிய மதிப்பீடுகள். பார்த்து முடித்தவர் மனத்தில் எஞ்சும் வினா வேறு. நாட்டின் மறைச்செய்திகளைச் சப்பானியருக்கு விற்ற கணவன், காதலித்து மணந்த மனைவியின் கையிலிருந்த துப்பாக்கிக்கே இரையாகிறான். அவளைக் குற்றவாளி என்பதா, நாட்டுப்பற்றுடையவள் என்பதா? இவ்வினாவிற்கு எல்லாரும் ஒரே விடை கூறுவதில்லை. விடை வேறுபடுவதற்குத் தலைப்பிலுள்ள ‘அந்த’ என்னும் சுட்டுச்சொல்லை யார் எவ்வாறு பொருள் கொள்கின்றனர் என்பது முதன்மையான காரணம் என்று காட்ட இக்கட்டுரை முற்படுகிறது.

அ, இ, உ என்னும் மூன்றையும் சுட்டு எனத் தொல்காப்பியர் கூறினார். உரையாசிரியர்கள் அதனினும் நுட்பமாகச் சென்று, அகரச்சுட்டு கண்முன் இல்லாத பொருளைக் குறிக்குமிடத்து அதனை உலகறி சுட்டு, பண்டறி சுட்டு, நெஞ்சறி சுட்டு என வழங்கினர். உலகம் அறிந்ததும், முன்னரே அறிந்ததும், நெஞ்சு மட்டும் அறிந்ததும் ஒரே எழுத்தால் சுட்டப்படலாம் என்பது இதன் கருத்து. ‘அந்த நாள்’ என்ற தலைப்பில் இவ்வேறுபாடு முழுமையாகச் செயற்படுகிறது.

படம் வெளிவந்தபோது அந்த நாள் எதுவென்று சென்னையில் எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1942 ஏப்ரலில் கொழும்பும் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டபின் சென்னை மக்கள் பெருந்திரளாக ஊரை விட்டு வெளியேறினர். விலங்குக் காட்சிசாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. அடுத்த ஆண்டு அக்டோபர் 11இல் சப்பானிய வானூர்தி உண்மையாகவே சென்னையின்மீது குண்டு வீசியது. அக்குண்டுவீச்சே கதையின் பின்னணி. பதினோர் ஆண்டுகள்கூட நிறையாத நிலையில், விளக்கணைத்த இரவுகளின் நினைவோடு அரங்கில் அமர்ந்தவருக்குத் தலைப்பே ஓர் உலகறி சுட்டு. வானொலிப் பொறியாளன் இராசன் பகைவனுக்கு அனுப்பிய செய்தி தம் தலைமேல் விழுந்த குண்டாகவே அவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

ஆயின் அதே பார்வையாளர் மற்றொன்றையும் அறிவர். சப்பானியரின் துணையோடு போரிட்டது சுபாசு சந்திர போசின் இந்திய தேசிய இராணுவம். மலேயாவில் அதில் சேர்ந்தவருள் தமிழர் மிகப் பலர். 1945 நவம்பரில் செங்கோட்டையில் அவ்வீரர்கள்மீது வழக்கு நடந்தபோது நாடே அவர்கள் பக்கம் நின்றது. சப்பானியருக்கு உதவுவது தன்னளவிலேயே துரோகம் என்று 1954இன் தமிழர்க்குக் கூற இயலாது. போர்க்காலத்திலேயே, 1945இல், மாடர்ன் தியேட்டர்சு டி.ஆர். சுந்தரம் இயக்கிய ‘பர்மா ராணி’க்கு இச்சிக்கல் இல்லை. அங்கே சப்பானியன் வில்லன், இந்திய விமானியும் அவனுக்கு உதவும் பெண்ணும் நல்லவர்கள், அவ்வளவே. போர்முயற்சிக்கு ஆதரவாக எடுக்கப்பட்ட அப்படத்தின் கதைத்தலைவராக நடித்தவர் கன்னட நாட்டவரான ஒன்னப்ப பாகவதர். படத்தைத் தயாரித்து இயக்கிய சுந்தரமே சப்பானியத் தளபதியாகவும் நடித்தார்!

‘அந்த நாள்’ இச்சிக்கலை எதிர்கொள்ளும் விதம் மொழியியலார் கருதத்தக்கது. ஆங்கிலேயர் ஆட்சியில் அரசை எதிர்த்துப் பேசிய குற்றத்தைத் தமிழில் ‘இராசத்துரோகம்’ என்றனர், வ.உ.சிதம்பரனார் 1908இல் தண்டனை பெற்றது அக்குற்றத்திற்கே. அச்சொல்லுக்கு எதிர்நிலையில் வலுப்பெற்றது ‘தேசத்துரோகம்’. 1943இல் அரசு ஆங்கிலேயருடையது, ஊரோ மக்களுடையது. விடுதலை வேட்கை கொண்ட உஷா அரசுக்காகத் துப்பாக்கியைக் கையிலெடுக்கவில்லை. எனவே அவள் கணவன்மீது சாட்டுவது இராசத்துரோகம் ஆகாது. மேலும், துரோகம் என்னும் தமிழ்ச்சொல் சட்டச்சொல்லாக மட்டும் நிற்பதன்று. குருத்துரோகம், நம்பிக்கைத் துரோகம் என உறவின்மேல் நிற்பது. கொள்கையால் ஒன்றுபட்டதாக நம்பிய காதலனே நாட்டை விற்றான் என்னும்போது, தேசத்துரோகமும் காதலுக்கு இழைத்த துரோகமும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. இராசனின் நோக்கத்தையும் திரைக்கதை ஆசிரியர் சாவர் சீதாராமன் விழிப்போடு அமைத்துள்ளார். தன் கண்டுபிடிப்பை நாடு மதிக்கவில்லை என்ற மனக்காயமும் பொருளாசையுமே அவனைச் செலுத்துகின்றன; விடுதலை அன்று. போசின் நிழல் அவன்மேல் விழாதபடி இவ்வாறு தடுக்கப்படுகிறது. இத்தடுப்பு சற்று எளிதாக வந்துவிட்டது என்பது என் கருத்து. அறிவாளி ஒருவன் பணத்தோடு ஒரு வாதத்தையும் கொண்டிருந்தால் உஷாவின் செயல் இன்னும் கடினமாகியிருக்கும்.

பெங்களூரு சிவாஜிநகர் இதனை ஆராய ஏற்ற இடமாகும். பழைய பிளாக்பள்ளியாகிய இப்பகுதியில் தமிழும் தக்கினி உருதும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்குகின்றன. இங்கு இப்படத்தைச் சிலரோடு ஒருங்கிருந்து பார்க்க வாய்த்தது. தண்டுப்பகுதியின் போர்க்காலச் செய்திகளைப் பெற்றோர் வாயிலாகக் கேட்டு வளர்ந்த முதியவர் ஒருவர், ‘அவள் செய்ததில் தவறென்ன?’ என்றார். இளைஞர் இருவர்க்கோ, சென்னையில் குண்டு விழுந்தது என்பதே புதுச்செய்தி. அவர்கள் படத்தை ஒரு திருமணத்தின் முறிவாகவே கண்டனர். காவலரிடம் சொல்லியிருக்கலாமே என்றனர். சிலருடைய கருத்தைக் கொண்டு பொதுவிதி வகுக்க இயலாது. எனினும் வேறுபாடு எங்கே தொடங்குகிறது என்பது தெளிவு. இளைஞர்க்கு ‘அந்த’ உலகறி சுட்டாக இல்லை. உஷாவின் நெஞ்சறி சுட்டாக மட்டுமே எஞ்சுகிறது. ஊர் அறிந்த நாள் ஒருத்தி மட்டும் அறிந்த நாளாகச் சுருங்கும்போது, அவள் செயலுக்கு ஊரின் சான்று இல்லாமற் போகிறது.

அப்பார்வையாளர் குழுவில் இருந்த கன்னட அம்மையார் ஒருவருக்குப் பண்டரிபாய் வேறு வழியில் அறிமுகமானவர். அதே 1954இல் வந்த ‘பேடர கண்ணப்பா’வில், இராச்குமாரின் கண்ணப்பனுக்கு மனைவி நீலாவாக நடித்தவர் அவரே. கணவனோடு நிற்கும் நீலாவையும் கணவனுக்கு எதிர்நிற்கும் உஷாவையும் ஒரே முகத்தில் ஓராண்டிற்குள் கண்ட இந்நகரப் பார்வையாளர்க்கு உஷாவின் முடிவு எத்துணை அதிர்ச்சியளித்திருக்கும் என்பது எண்ணத்தக்கது.

ராஷோமோனோடு ஒப்பிடுவோர் ஒன்றை மறக்கின்றனர். அங்கே வாக்குமூலங்கள் ஒன்றையொன்று அழிக்கின்றன, உண்மை கிடைப்பதில்லை. இங்கே ஒவ்வொருவரும் வேறொருவர்மேல் ஐயத்தைத் திருப்ப, துப்பறியும் அதிகாரி சிவானந்தம் இறுதியில் ஒரே உண்மையை வந்தடைகிறார். அந்தோணி ஆசுகுவித்தின் ‘தி வுமன் இன் குவெசுசன்’ (1950) என்ற ஆங்கிலப் படமே இதற்கு அண்மையது எனத் திரை வரலாற்றாசிரியர் சிலர் கூறுவது பொருத்தமாகவே படுகிறது. ஆகவே இப்படம் உண்மை உண்டா என்று வினவவில்லை. உண்மை தெரிந்தபின் எவ்வாறு தீர்ப்பிடுவது என்றே வினவுகிறது.

அத்தீர்ப்பைக் கடினமாக்குவது மரியாதைப் பன்மை. தமிழ் மனைவி கணவனை ‘அவர்’ என்றும் ‘நீங்கள்’ என்றுமே சுட்டுவாள். குற்றம் சாட்டும்போதும் இலக்கணம் அவனை உயர்த்தியே நிறுத்துகிறது. அதே ஆண்டின் ‘மனோகரா’வில் முழங்கிய சிவாஜி கணேசன் இங்கே தாழ்ந்த குரலில் பேசுவதால் இப்பன்மை மேலும் துலங்குகிறது. ஆங்கிலத் துணையுரையில் இவையெல்லாம் ஒரே முன்னிலைச் சொல்லாகவும் ஒரே ஆண்பாற் படர்க்கைச் சொல்லாகவும் ஆகிவிடுகின்றன. உஷா இயல்பினும் துணிச்சல் மிக்கவளாகத் தோன்றுகிறாள். கன்னடத்தில் இவ்விடர் இல்லை. ‘அவரு’, ‘நீவு’ உண்டு. ‘ஆ தின’ என்னும் தலைப்பும் சேய்மைச்சுட்டைக் காக்கிறது. ராசத்ரோக, தேசத்ரோக என்னும் இணையும் அங்கு வழக்கில் உள்ளது. ஆங்கிலத்தில் பெயர்ப்போர் சுட்டடையை இட்டால் நெஞ்சறி சுட்டு ஓரளவு கிடைக்கும்; உலகறி சுட்டு கிடைக்காது. முதற்காட்சியின் அடியில் 1943 அக்டோபர் 11 என்ற நாளையும் அன்று நிகழ்ந்ததையும் ஒரு வரியில் இடுவதே நேரிய வழி. இன்று அவ்வரி தமிழ்ப் பார்வையாளர்க்கும் தேவைப்படுகிறது.