பாட்டி சொன்ன இரண்டு குலங்கள்

கமாச்சோ வீட்டுக் கல்யாணத்தில் ஒரு முழுக் காளை நெருப்பில் வெந்துகொண்டிருக்கிறது. பசி தாங்காத சாஞ்சோ பான்சா, குழம்பில் ஒரு துண்டு ரொட்டியைத் தோய்த்துக்கொள்ளலாமா என்று கேட்கிறான். சமையற்காரரோ ஒரு பாத்திரத்தை உள்ளே விட்டு மூன்று கோழிகளையும் இரண்டு வாத்துகளையும் அள்ளித் தருகிறார். கோழியைத் தின்றுகொண்டே சாஞ்சோ தன் பாட்டியை நினைத்துக்கொள்கிறான். உலகத்தில் உள்ளவை ‘இருப்பது’, ‘இல்லாதது’ என்ற இரண்டே குலங்கள் என்பாளாம் அவள். அவள் நின்றது இருக்கிற குலத்தின் பக்கம்.

செர்வான்டிஸின் ‘டான் கிஹோத்தே’ இரண்டாம் பாகத்தில், 1615இல், வரும் காட்சி இது. ‘இருப்போர், இல்லாதோர்’ என்று ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லிணை இந்நாவலின் மொழிபெயர்ப்புகள் வழியே பரவியது. இன்று அதில் ஒலிப்பது ஏற்றத்தாழ்வின் மீதான கோபம். பிறந்த இடத்திலோ அது பசித்தவன் வாயில் வந்த சொல். பசித்தவன் சோறு இருக்கும் பக்கம்தானே நிற்பான்?

இந்நாவலில் வரும் இதுபோன்ற சொற்களையெல்லாம் செர்வான்டிஸ் கணக்கில் எழுதிவிடுவது எனக்குச் சம்மதமில்லை. சாந்தில்யானா பிரபுவின் பெயரில் 1508இல் அச்சான தொகுப்பு ஒன்றின் தலைப்பே ‘அடுப்பங்கரையில் கிழவிகள் சொல்லும் பழமொழிகள்’ என்பதுதான். செர்வான்டிஸ் பிறந்தது 1547இல். அவர் செய்த பெரிய காரியம், அந்த அடுப்பங்கரைப் பேச்சை சாஞ்சோவின் நாவில் ஏற்றியது.

பழமொழிகளை அடுக்காதே என்று சாஞ்சோவை ஓயாமல் கண்டிப்பவர் அவன் எஜமானர் டான் கிஹோத்தே. அப்படி ஒருமுறை கண்டிக்கும்போது அவர் வாயிலேயே ஒரு பழமொழி வந்துவிடுகிறது. சாஞ்சோ விடுவானா? ‘தள்ளிப் போடி, கருங்கண்ணி’ என்று வாணலி கொப்பரையிடம் சொன்ன கதையாக இருக்கிறதே என்கிறான். விறகடுப்பில் இரண்டுக்கும் ஒரே கரி. தாமஸ் ஷெல்டனின் மொழிபெயர்ப்பில் 1620இல் இது ஆங்கிலத்துக்கு வந்தது. பின்னாளில் வாணலி பானையாயிற்று, கொப்பரை கெண்டியாயிற்று.

இந்நாவலிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவற்றில் காற்றாலைகளோடு மோதுவது, ‘குயிக்ஸாட்டிக்’ என்ற பெயரடை இரண்டும் எல்லாரும் அறிந்தவை. பெண்பித்தனைக் குறிக்கும் ‘லொத்தாரியோ’வும் இந்த நாவலில் வரும் பெயர்தான். ஆனால் ஆங்கிலத்தில் அதற்கு அந்தப் பொருளைத் தந்தது நிக்கலஸ் ரோவின் 1703 நாடகம்.

‘புட்டிங்கின் தரம் தின்றால் தெரியும்’ என்பதைத்தான் பலர் தவறாக ஸ்பெயினுக்கு எழுதிவைக்கிறார்கள். ராட்சசன் என்று நினைத்து டான் கிஹோத்தே திராட்சை மதுத் தோற்பைகளை வெட்டிவிட்டார். சத்திரக்காரன் நஷ்டஈடு கேட்கும்போது உண்மை தெரியும் என்ற பொருளில், ‘முட்டை பொரிக்கும்போது தெரியும்’ என்கிறான் சாஞ்சோ. பீட்டர் மோத்தியூவின் மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் ஆங்கிலேயர் ஏற்கெனவே அறிந்திருந்த புட்டிங்கை வைத்தது. அக்காலத்துப் புட்டிங் பெரும்பாலும் குடலில் இறைச்சி அடைத்து வேகவைத்த பண்டம். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்லிவிட முடியாது.

பொருத்தமான மாற்றம்தான். ஆனாலும் மனம் ஆறவில்லை. ஸ்பானியப் பழமொழிக்குப் பின்னால் ஒரு கதை வழங்குகிறது. ஒரு வீட்டிலிருந்து எதையோ மறைத்து எடுத்துப் போகிறவனிடம், என்ன கொண்டுபோகிறாய் என்று வீட்டுக்காரி கேட்கிறாள். முட்டை பொரிக்கும்போது தெரியும் என்று சொல்லிவிட்டுப் போகிறான் அவன். அவன் தூக்கிப்போனது அவளுடைய வாணலியை. புட்டிங் வந்ததும் அந்தத் திருடனும் அந்த வீட்டுக்காரியும் ஆங்கிலத்தில் இல்லாமல் போனார்கள்.