ஒரு தேசத்தைப் பாடமாக வைத்தால்

சிநேகிதர் ஒருவருடைய பையன் ஜப்பானில் எஞ்சினீயரிங் படிக்கிறான். விடுமுறைக்கு ஊருக்கு வந்தவன் என்னையும் பார்க்க வந்தான். கையில் ஒரு கட்டுக் காகிதம். "மாமா, நீங்கள் ஜப்பானிய நாவல்களெல்லாம் படிக்கிறவர். இதைப் பார்த்து உங்கள் அபிப்பிராயம் சொல்லுங்கள்" என்று வைத்துவிட்டுப் போனான். அவனுடைய சர்வகலாசாலையில் வெளிநாட்டு மாணவர்களுக்கென்று நடத்துகிற ஒரு பாடத்தின் குறிப்புகள் அவை. இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். பட்டம் எதுவும் வாங்காதவன் சர்வகலாசாலைப் பாடத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லலாமா என்று ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் பாடத்தின் விஷயம் மனிதர்கள். மனிதர்களைப் பற்றிச் சொல்ல நாவலாசிரியனுக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு அல்லவா?

இந்தப் பாடத்துக்கு 'நிஹோன் ஜிஜோ' என்று பெயர். 'ஜப்பான் நிலவரம்' என்று தமிழில் சொல்லலாம். வெளிநாட்டு மாணவர்களுக்கு இதைச் சர்வகலாசாலைப் பாடமாக வைத்துக்கொள்ளலாம் என்று ஜப்பானியக் கல்வி இலாகா 1962-இல் விதி செய்தது. பொது நிலவரம், சரித்திரம், பண்பாடு, அரசியல், பொருளாதாரம், இயற்கை, விஞ்ஞானம் என்று தலைப்புகளையும் அதுவே எடுத்துக் காட்டியது. 1983-இல் பிரதம மந்திரி நாகசோனேயின் அரசாங்கம் ஒரு லட்சம் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பது என்று திட்டம் போட்டது; 2003-இல் அது நிறைவேறியது. 2008-இல் மூன்று லட்சம் என்றார்கள். 2019-இல் அதையும் தாண்டிவிட்டார்கள். ஆகவே இது யாரோ நாலு பேர் படிக்கிற பாடம் அல்ல. ஒரு தேசம் வந்தவர்களுக்கெல்லாம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் பாடம்.

குறிப்புகளில் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் தொந்தரவு. ஜப்பானில் நான்கு பருவங்கள் உண்டு. ஜப்பானியர் இணக்கத்தைப் பெரிதாக மதிப்பவர்கள். கூட்டத்தோடு சேர்ந்து நடப்பவர்கள். மனத்தில் இருப்பது 'ஹொன்னே', வெளியில் காட்டுவது 'ததேமாயே'. பட்ட கடனை மறக்கமாட்டார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆதாரம் காட்ட முடியும். ஆனால் இருபது பக்கம் தள்ளிய பிறகும் ஒரு மனிதன்கூட உள்ளே வரவில்லை. 'ஜப்பானியர்' மட்டும் வந்துகொண்டே இருந்தார்கள்.

'ஜிஜோ' என்ற சொல்லுக்கு இன்னோர் உபயோகமும் உண்டு. ஒருவன் வேலையை விட்டுவிட்டான், ஒருத்தி கல்யாணத்துக்கு வரவில்லை. ஏன் என்று கேட்டால், 'ஜிஜோ இருக்கிறது' என்பார்கள். நம் பக்கத்தில், 'அவர்கள் வீட்டில் ஏதோ சமாசாரம்' என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறோமே, அது. பாடத்துக்குப் பெயர் வைத்தவர்கள் இதை நினைத்திருக்கமாட்டார்கள். எனக்கு என்னவோ, நாட்டு நிலவரம் என்ற ஜிஜோவைப் பாடமும், வீட்டுச் சமாசாரம் என்ற ஜிஜோவை நாவலும் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன என்றுதான் தோன்றுகிறது. முதலாவதைப் படித்தவன் இரண்டாவதையும் தெரிந்துகொண்டுவிட்டதாக நினைப்பதில்தான் வினை ஆரம்பிக்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஜப்பானைப் பற்றி இப்படிப்பட்ட பாடங்களில் வெகுகாலம் அடிபட்ட புத்தகம், ரூத் பெனடிக்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1946-இல் வெளியிட்ட 'செவ்வந்தியும் வாளும்'. யுத்த காலத்தில் அமெரிக்க அரசாங்கத்துக்காகச் செய்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது. ஜப்பானில் காலே வைக்காமல், அமெரிக்காவில் இருந்த ஜப்பானியரிடம் கேட்டும், சினிமாக்களைப் பார்த்தும், நாவல்களைப் படித்தும் எழுதினார். கெட்டிக்காரத்தனமான புத்தகம்; அதில் சந்தேகமில்லை. நன்றிக்கடனைப் பற்றிச் சொல்லுமிடத்தில் நட்சுமே ஸோஸெகியின் 'போட்சான்' என்ற நாவலைச் சாட்சிக்கு அழைக்கிறார்.

1906-இல் வந்த நாவல் அது. டோக்கியோவில் வளர்ந்த ஒரு முன்கோபக்காரப் பையன் ஷிகோகு தீவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியாராகப் போகிறான். 'முள்ளம்பன்றி' என்று அவன் பட்டப்பெயர் வைத்திருக்கும் சக வாத்தியார் ஒருநாள் ஐஸ் போட்ட தண்ணீர் வாங்கிக் கொடுக்கிறார். விலை ஒன்றரை ஸென். பிறகு, அந்த மனிதர் உன்னைப் பற்றிக் கோள் மூட்டுகிறார் என்று இன்னொரு வாத்தியார் ஜாடையாகச் சொல்ல, பையனுக்கு அந்த ஒன்றரை ஸென் நெஞ்சில் உறுத்துகிறது. இப்படிப்பட்டவனிடமா கடன்பட்டிருப்பது என்று மறுநாளே திருப்பிக் கொடுக்கப் போகிறான். அற்பக் கடன்கூட ஜப்பானியனை எவ்வளவு வதைக்கிறது பாருங்கள் என்கிறார் பெனடிக்ட். இவன் கொஞ்சம் அதிகப்படிதான் என்றும் ஒப்புக்கொள்கிறார். என்றாலும் விதி விதிதான்.

நாவலைப் படித்தவன் சிரித்துவிடுவான். பையன் காசை வைக்கிறான்; மற்றவர் எடுக்க மறுக்கிறார். இருவருக்கும் நடுவே மேஜைமேல் காசு நாள் கணக்காகத் தூசி படிந்து கிடக்கிறது. வாத்தியார்கள் அறை முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கடைசியில் கோள் பொய் என்று தெரிந்ததும் பையன் காசை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்கிறான். தன் கதாநாயகனின் அசட்டு ரோஷத்தை ஸோஸெகி அன்போடு கேலி செய்கிறார். அதோடு, வீட்டு வேலைக்காரக் கிழவி கியோவிடம் ஐந்து வருஷத்துக்கு முன் வாங்கிய மூன்று யென்னைப் பையன் திருப்பிக் கொடுக்கவே இல்லை. கொடுக்க நினைக்கவும் இல்லை. அவளை அந்நியமாக நினைத்தால்தானே கொடுப்பதற்கு! பெனடிக்டும் கியோவைக் குறிப்பிடத்தான் செய்கிறார். ஆனால் அவருக்கு வேண்டியது விதி. ஆகவே கியோவும் விதிக்குள் ஒரு பிரிவாகிவிடுகிறாள். நாவலை மூடிய பிறகு எனக்கு நினைவில் நிற்பது கியோ. விதி நினைவில் இல்லை.

இனி வேறு இரண்டு மாணவர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். இருவரும் அந்நிய நாட்டில் படித்தவர்கள்.

முதலாமவர் அதே ஸோஸெகி. 1900-இல் அவருடைய அரசாங்கம் இங்கிலீஷ் படிக்க அவரை லண்டனுக்கு அனுப்பியது. அங்கே யூனிவர்ஸிடி காலேஜில் கொஞ்ச நாள் பிரசங்கங்கள் கேட்டார். பிரயோஜனம் இல்லையென்று விட்டுவிட்டார். பிறகு கிரெய்க் என்ற கிழவரிடம் தனியாகப் பாடம் கேட்டார். ஷேக்ஸ்பியருக்கு அகராதி செய்வதற்காக நல்ல உத்தியோகத்தை உதறிவிட்டு வந்த அயர்லாந்துக்காரர், பேச்சு புரியாது, உடை சரியாயிராது. 1902 முடியும் வரை ஸோஸெகி இருந்தார். லண்டன் அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் கிரெய்க்கைப் பற்றி 1909-இல் ஒரு சிறு சித்திரம் எழுதினார். இங்கிலீஷ்காரர் எப்படிப்பட்டவர் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் கிழவர் இருக்கிறார்.

இரண்டாமவர் சீன எழுத்தாளர் லூ சுன். ஜூடோவை உண்டாக்கிய கானோ ஜிகோரோ சீன மாணவர்களுக்காகவே டோக்கியோவில் நடத்திய கோபுன் பள்ளியில் 1902-இல் சேர்ந்து ஜப்பானிய பாஷை கற்றுக்கொண்டார். பிறகு 1904-இல் ஸெண்டாய் வைத்தியப் பள்ளிக்குப் போனார். அங்கே உடற்கூறு வாத்தியார் புஜினோ. கழுத்துப் பட்டையைக்கூட மறந்துவிட்டு வருகிற மனிதர். வாரந்தோறும் இந்தச் சீனப் பையனுடைய குறிப்பு நோட்டை வாங்கி, விட்டுப்போனதைச் சேர்த்து, இலக்கணப் பிழையைக்கூடச் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தார்.

புஜினோவிடமும் ஒரு 'சீன நிலவரம்' இருந்தது. சீனர்கள் ஆவிகளை மிகவும் மதிப்பவர்கள் என்று கேள்விப்பட்டு, இவன் பிணத்தை அறுக்கமாட்டானோ என்று கவலைப்பட்டார். அறுத்ததைப் பார்த்ததும் நிம்மதி அடைந்து, கவலைப்பட்டதை அவனிடமே சொல்லிவிட்டார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பொதுவாக ஒரு வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொள்ளாத மனிதன் கிடையாது. எதிரே நிற்கிறவனைப் பார்த்து அதை அடித்துவிட மனம் வரவேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு நாள் லூ சுன் வரைந்த கைப் படத்தில் ஒரு ரத்தக் குழாய் கொஞ்சம் இடம் மாறியிருந்தது. அழகுக்காக மாற்றி வரைந்திருந்தார். இப்படிப் போட்டால் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உடம்பில் இருப்பதை நாம் மாற்ற முடியாதே என்று புஜினோ சொல்லிக் கொடுத்தார். 1906-இல் லூ சுன் வைத்தியத்தை விட்டு இலக்கியத்துக்கு வந்துவிட்டார். பிரியும்போது புஜினோ தம் போட்டோவைக் கொடுத்தார். பிற்காலத்தில் அது பீக்கிங்கில் லூ சுன்னின் எழுத்து மேஜைக்கு எதிரே சுவரில் தொங்கியது. 1923-இல் வந்த ஒரு தொகுப்பில் ஸோஸெகியின் கிரெய்க் சித்திரத்தைச் சீனத்தில் மொழிபெயர்த்தவரும் லூ சுன்தான். மூன்று வருஷம் கழித்து, 1926-இல், புஜினோவைப் பற்றித் தாமே எழுதினார். ஓர் அந்நிய மாணவன் தன் வாத்தியாரைப் பற்றி எழுதியது இன்னோர் அந்நிய மாணவனுக்கு வழி காட்டியது என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

பையன் காகிதங்களைத் திருப்பி வாங்க வந்தபோது இந்த ரத்தக் குழாய் விஷயத்தை அவனிடம் சொன்னேன். "உன் பாடத்தில் ஒரு தேசத்தை அழகாகப் படம் போட்டிருக்கிறார்கள். குழாய்கள்தான் கொஞ்சம் இடம் மாறியிருக்கின்றன" என்றேன். அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"நானும் அப்படி ஒரு படம் போட்டேன், மாமா" என்றான்.

அந்தப் பாடத்தின் கடைசி வாரத்தில் ஒவ்வொருவனும் தன் தேசத்துப் பண்பாட்டைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசவேண்டுமாம். இவன் பேசினானாம். எங்கள் நாட்டில் கூட்டுக் குடும்பம். மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ். வயதானவர்களைத் தெய்வமாக மதிப்போம். நல்ல மார்க்கு கிடைத்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

"பேசி முடித்து உட்கார்ந்த பிறகுதான் பாட்டி ஞாபகம் வந்தது."

எனக்குத் தெரியும். பாட்டி கும்பகோணத்தில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் என் சிநேகிதருக்கும் பேச்சு நின்று ஒன்பது வருஷம் ஆகிறது. அது அவர்கள் வீட்டு ஜிஜோ.

"போய்ப் பார்த்தாயோ?" என்று கேட்டேன்.

"நாளைக்குப் போகிறேன்" என்றான்.

இந்தப் பாடங்களே கூடாது என்று நான் சொல்லவில்லை. புதிதாக ஓர் ஊருக்குப் போகிறவனுக்கு வீடு எப்படி வாடகைக்கு எடுப்பது, குப்பையை எந்தக் கிழமை எங்கே வைப்பது, யுத்தம் எப்போது நடந்தது என்று யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும். பண்பாடு என்பது ஒரே வார்ப்பு அல்ல, மனிதனுக்கு மனிதன் வேறு என்று ஜப்பானிய ஆசிரியர்களுக்குள்ளேயே 1990-களிலிருந்து சிலர் வாதாடி வருகிறார்கள். அவர்கள் பக்கம்தான் நான். ஆனால் வாதம் செய்து மாற்றுவதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. ஒரு வருஷப் பாடத்தில் ஒரே ஒரு நாவலை வையுங்கள். உதாரணம் பொறுக்குவதற்காக அல்ல. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பதற்காக. இணக்கத்தைப் பெரிதாக மதிக்கும் மக்கள் என்று முதல் வாரம் படித்த மாணவன், ஒன்றரை ஸென் காசு தூசி படிந்து கிடக்கிற மேஜையையும் பார்க்கட்டும். இரண்டும் ஒரே நாட்டில்தான் இருக்கின்றன என்பது அப்போது அவனுக்குப் புரியும்.

தன்னைப் பற்றிப் பிறர் சொல்லும் சுருக்கத்தைக் கேட்டு எந்தத் தேசமும் கோபித்துக்கொள்ளும். நியாயம்தான். நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்ளும் சுருக்கத்தைக் கேட்டு நமக்குக் கோபம் வருவதில்லை. அதற்கு மார்க்கும் கிடைக்கிறது. கைதட்டலும் கிடைக்கிறது. இதற்கிடையில் பாட்டி அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறாள்.