காடு காலியாக இருந்ததா?

புதுக்கோட்டைப் பக்கம் எந்தக் குடும்பத்தின் பழங்கதையைக் கேட்டாலும் ஒரு வரி தவறாமல் வரும்: "நாங்க வந்தப்போ இங்க வெறும் காடுதான்." அடுத்து வருவதும் அநேகமாக ஒன்றுதான். காட்டை வெட்டினோம், கண்மாய் வெட்டினோம், சாமியை வச்சோம். சாதி மாறும், கிளம்பி வந்த ஊர் மாறும், வந்ததற்குச் சொல்லும் காரணமும் மாறும். இந்த வரிசை மட்டும் மாறாது.

எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிற கதையைத் தகவலாக மட்டும் வாசிக்க முடியாது. அது ஒரு இலக்கிய வகை. அதற்கென்று தொடக்கம் உண்டு, கதாநாயகர்கள் உண்டு, மௌனங்களும் உண்டு. அந்த மௌனங்களைத்தான் இங்கே வாசிக்கப் பார்க்கிறேன். அதற்கு எனக்குத் துணை திருவரங்குளம். புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகிற ரோட்டில் சுமார் 8 கிலோமீட்டரில் இருக்கும் இந்த ஊரின் கோயில் கதை, குடியேற்றக் கதைகளின் வழக்கத்தை உள்ளேயிருந்தே கெடுத்துவிடுகிறது.

முதலில் வழக்கத்தைப் பார்ப்போம். திருமயம் வட்டாரத்துத் தேக்காட்டூரில் கிடைத்த ஏட்டுச்சுவடி ஒன்று உண்டு. சமஸ்தான வரலாறு எழுதியவர்கள் பலரும் எடுத்தாண்ட ஏடு அது. வெள்ளாற்றுக்கு வடக்கே கோனாடு, தெற்கே கானாடு. வேளாளர்கள் வெளியிலிருந்து வந்து இந்த நாடுகளில் குடியேறுகிறார்கள், காடு திருத்தி ஊர் அமைக்கிறார்கள். பிறகு இரண்டு நாட்டாருக்கும் சண்டை மூள்கிறது. காவலுக்கு மறவர்கள் அழைத்துவரப்படுகிறார்கள். ஏடு சொல்வதன் சுருக்கம் இவ்வளவுதான்.

இதன் வினைச்சொற்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். சொல்கிறவர்கள் 'வந்தோம்' என்கிறார்கள். காவலுக்கும் ஊழியத்துக்கும் ஆட்களைக் 'கூட்டிட்டு வந்தோம்' என்கிறார்கள். முன்பே காட்டில் இருந்த வேடர், குறும்பர் பற்றிச் சொல்ல நேர்ந்தால் 'இருந்தாங்க' என்று முடித்துக்கொள்கிறார்கள். நம் ஊர்க் குடும்ப வரலாறுகள் அநேகமாக இந்த மூன்று வினைகளில் அடங்கிவிடும். வந்தவர்களுக்கு வரலாறு உண்டு. கூட்டிவரப்பட்டவர்களுக்கு வேலை உண்டு. இருந்தவர்கள் மரம், புதர், பாம்புப் புற்று வரிசையில் காட்டின் பகுதியாக நின்றுவிடுகிறார்கள்.

'வந்தோம்' என்று சொல்வதில் அப்படி என்ன லாபம்? அது வெறும் பெருமை இல்லை. முதலில் வந்தவருக்குக் காணி, கண்மாய்த் தண்ணீரில் பங்கு, கோயிலில் முதல் மரியாதை. குடியேற்றக் கதை என்பது கதை வடிவில் இருக்கும் பட்டா. அதனால்தான் கை மாறிய அதிகாரம் தனக்கும் ஒரு கதையைத் தேடிக்கொள்கிறது. இந்த வட்டாரக் கல்வெட்டுகளில் பாடிகாவல் உரிமை திரும்பத் திரும்ப வருகிறது. ஊரார் காவலை ஒருவரிடம் ஒப்படைக்கிறார்கள், பதிலுக்கு விளைச்சலில் பங்கு தருகிறார்கள். காவலுக்கு நின்றவர்கள் நாளடைவில் அரையர்கள் ஆகிறார்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அம்புநாட்டுக் கள்ளர் குடும்பத்திலிருந்து ரகுநாதராயத் தொண்டைமான் அரசராகிறார். பிறகு அந்தக் குடும்பத்துக்கு ஒரு வம்சாவளி எழுதப்படுகிறது. எழுதியவர் நுதுருபாடி வெங்கண்ணா. மொழி தெலுங்கு. மரபு தேவலோகத்து இந்திரன் வரைக்கும் போகிறது. தமிழ் பேசும் அரச குடும்பத்துக்குத் தெலுங்கில் ஏன்? அன்றைக்கு அரசவையின் கௌரவ மொழி அதுதான். கதையோடு சேர்த்து மொழியையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

இந்த விளையாட்டை நன்றாகப் பிடித்தவர் நிக்கோலஸ் டர்க்ஸ். புதுக்கோட்டையை வைத்து அவர் எழுதிய 'தி ஹாலோ கிரவுன்' 1987இல் வந்தது. சாதி என்பது தீட்டு, சுத்தம் பற்றிய மத விஷயம் மட்டுமல்ல, அரசனோடும் நிலத்தோடும் மரியாதையோடும் பின்னிய அரசியல் என்று அவர் வாதிட்டார். குலக்கதைகளைப் பொய் என்று ஒதுக்காமல், அதிகாரம் எப்படித் தன்னைப் பற்றிப் பேசுகிறது என்பதற்கான சாட்சியமாக வாசித்தார். அது பெரிய காரியம். ஆனால் அவர் புத்தகத்தில் அதிகம் பேசுகிறவர்கள் அரச குடும்பமும் நாட்டு அம்பலங்களும்தான். 'வந்தோம்' என்று சொல்கிறவர்களின் குரல் அதில் நன்றாகக் கேட்கிறது. 'இருந்தாங்க' என்று சொல்லப்பட்டவர்கள் அங்கேயும் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறார்கள்.

இப்போது திருவரங்குளம். அரதீர்த்தீசுவரர் கோயிலின் தலபுராணம் பல விதமாகச் சொல்லப்படுகிறது. முடிச்சு ஒன்றுதான். காட்டில் வேடன் ஒருவனுக்குப் பொன்னாலான பனம்பழங்கள் கிடைக்கின்றன. அவனுக்கு அதன் மதிப்பு தெரியாது. வணிகன் ஒருவனிடம் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டுக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு போகிறான். விஷயம் கல்மாஷபாதன் என்ற சோழ அரசன் காதுக்கு எட்டுகிறது. கடைசியில் அந்தப் பொன் கோயிலாகிறது.

இறைவன் புகழ் பாட வந்த கதை இது. ஆனாலும் தன்னை அறியாமல் ஒரு கணக்கைப் பதிந்து வைத்திருக்கிறது. இந்தக் காடு காலியாக இல்லை. அதில் ஒரு மனிதன் இருக்கிறான், அவன் கையில் செல்வமும் இருக்கிறது. அது அவன் கையை விட்டுப் போனது போரில் இல்லை, வியாபாரத்தில். மதிப்பு தெரிந்தவன் தெரியாதவனிடம் வாங்கியிருக்கிறான், அவ்வளவுதான். அரசன் தீர்ப்புச் சொல்ல வருகிறான். அந்தத் தீர்ப்பிலும் பொன் கோயிலுக்குப் போகிறது, வேடனுக்குத் திரும்பவில்லை. ஏட்டில் 'இருந்தாங்க' என்று ஒரு சொல்லோடு தள்ளிவிடப்பட்டவர்களின் வரலாறு, ஒரு தலபுராணத்தின் நடுவில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

பொற்பனை என்ற பெயர் பக்கத்திலேயே பொற்பனைக்கோட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே 2012இல் தமிழி எழுத்துள்ள நடுகல் ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்துபோன வீரனுக்கு வைத்த கல். 2021இலும் பிறகு 2023இலும் அகழாய்வு நடந்தது. செங்கல் கட்டுமானம், சூதுபவளமணி, சின்னஞ்சிறிய தங்க அணிகலன் ஒன்று எல்லாம் கிடைத்தன. தங்கம் கிடைத்ததும் "பாத்தியா, கதை உண்மைதான்" என்று குதிக்க வேண்டாம். தொல்லியல் தலபுராணத்தை நிரூபிக்காது. ஆனால் 'வெறும் காடு' என்ற அந்த முதல் வரியை அது நிச்சயமாகக் கலைக்கிறது. நம் முன்னோர்கள் வெட்டிய காட்டுக்குள் யாரோ கட்டிய கோட்டை ஒன்று ஏற்கெனவே இருந்தது.

நவீன இலக்கியத்திலும் இதே மூன்று வினைகள் உண்டு. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) தமிழில் குடியேற்றக் கதையின் உச்சம். தப்பி வந்தவர்களின் பயம், நெருப்பு வைத்துக் காடழிக்கும் உழைப்பு, மங்கத்தாயாரு அம்மாளின் ஞாபகம் என்று 'வந்தோம்' என்ற சொல்லுக்கு உடம்பும் உயிரும் கொடுத்த நாவல். அதன் அழகை எத்தனை தடவை வேண்டுமானாலும் ரசிக்கலாம். ஆனால் அந்தக் கரிசல் நிலத்துக்கு ஒரு முன்கதை இருந்திருக்கும் என்ற தொந்தரவு நாவலுக்குப் பெரிதாக இல்லை. பூமணியின் 'அஞ்ஞாடி' (2012) வேறு இடத்தில் தொடங்குகிறது. ஒரு பள்ளர் வீட்டுப் பையனும் வண்ணார் வீட்டுப் பையனும் நண்பர்கள். வழக்கமான வரலாற்றில் 'கூட்டிட்டு வந்தோம்' என்ற சொல்லுக்குள் முடிந்துபோகிறவனுக்கு இங்கே வம்சம் இருக்கிறது, தலைமுறை இருக்கிறது, துக்கம் இருக்கிறது. மூன்றாவது வினைக்கான நாவல்தான் இன்னும் போதாது.

இதெல்லாம் பழைய சமாச்சாரம், இப்போது எதற்கு என்று தோன்றலாம். இன்றைக்கு வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் குல வரலாறுகள் கொட்டுகின்றன. எல்லாம் 'நாங்க வந்தோம், நாங்க ஆண்டோம்' ரகம். அதே மாவட்டத்தில், 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் மலம் கலக்கப்பட்டது. அந்த வழக்கு தனி. நான் சொல்ல வருவது அதையொட்டி வெளியே வந்த இன்னொன்று. உள்ளூர் அய்யனார் கோயிலுக்குள் அந்த மக்கள் போக, மாவட்ட ஆட்சியரே நேரில் வந்து அழைத்துப் போக வேண்டியிருந்தது. தண்ணீரும் சாமியும் யாருக்கு முதலில் என்று நம் பழங்கதைகள் போட்ட வரிசை, இத்தனை நூற்றாண்டு கழித்தும் வேலை செய்கிறது.

அதனால் குடும்ப வரலாறே எழுதக் கூடாது என்று சொல்ல மாட்டேன். நிறைய எழுத வேண்டும். நம்மில் பலருக்குக் கொள்ளுத்தாத்தா பேருக்கு மேல் தெரியாது. பாட்டிகள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் கேட்கும்போது இன்னும் கொஞ்சம் கேட்போம். கண்மாய் வெட்டினோம் என்றால், மண் சுமந்தது யாரு? கூலி என்னவா கொடுத்தாங்க? அந்த வயலுக்கு ஏன் அந்தப் பேரு? நடுவுல நிக்கிற கல்லுக்கு யாரு பொங்கல் வைக்கிறாங்க? 'வெறும் காடு' என்று சொன்ன பாட்டியிடமே, "அந்தக் காட்டுல யாரு இருந்தா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரியும். நாம்தான் இதுவரை கேட்கவில்லை.