ஒரே நாளில் நிறுத்திய மாத்திரை

பார்பரா கார்டன் நியூயார்க்கில் சி.பி.எஸ். தொலைக்காட்சிக்கு ஆவணப்படங்கள் தயாரித்து வந்தவர். மனப் பதற்றத்தைத் தணிக்கும் ‘வேலியம்’ மாத்திரையைப் பல ஆண்டுகள் உண்டுவந்தார். பின்னர் ஒருநாள் அதை அடியோடு நிறுத்தினார். அதன்பின் நேர்ந்ததை அவரே எழுதி 1979-இல் வெளியிட்ட நூல் ‘ஐ ஆம் டான்சிங் ஆஸ் ஃபாஸ்ட் ஆஸ் ஐ கேன்’. என்னால் இயன்ற வேகத்தில் ஆடுகிறேன் என்பது அத்தலைப்பின் பொருள். 1982-இல் திரைப்படமாகவும் வந்தது. விறுவிறுப்பான நூல்தான், ஆனால் படித்து முடித்தவர் மனத்தில் ஒரு தவறான பாடம் தங்கிவிடவும் இடமுண்டு.

நூலில் நம்மைத் திடுக்கிட வைக்கும் செய்தி ஒன்று உள்ளது. மாத்திரையை ஒரேயடியாக விட்டுவிடும்படி சொன்னவர் அவருக்கு மருத்துவம் பார்த்த மனநல மருத்துவரே! வாழ்வு நிலைகுலைய, அப்பெண்மணி மனநோய் மருத்துவமனையில் சேர வேண்டியதாயிற்று. அந்தச் சரிவை அவர் எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். இதுவே நூலின் பெருமை எனலாம்.

ஏன் அப்படி நேர்ந்தது? வேலியத்தின் மருந்துப் பெயர் டயஸிபாம். லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் வேதியியலர் உருவாக்கிய இது 1963-இல் விற்பனைக்கு வந்தது. மூளையில் ‘காபா’ என்ற வேதிப்பொருள் நரம்பணுக்களின் துடிப்பை அடக்கி வைக்கிறது. வண்டிக்குப் பிரேக் போல என்று கொள்ளலாம். டயஸிபாம் அந்தப் பிரேக்கை மேலும் அழுத்துகிறது. நாள்தோறும் இவ்வாறு வெளியிலிருந்து உதவி கிடைத்தால் மூளை தன் அமைப்பை அதற்கேற்ப மாற்றிக் கொள்கிறது. அதன் சொந்தப் பிரேக் தளர்ந்து போகிறது. அந்நிலையில் மாத்திரையைத் திடீரென எடுத்துவிட்டால் நடுக்கம், தூக்கமின்மை, பெரும் அச்சம், சிலருக்கு வலிப்புகூட உண்டாகும்.

இம்மருந்து உடலைவிட்டு மெல்லத்தான் வெளியேறுகிறது. இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஒன்றிரண்டு நாட்கள் ஆகும். அது சிதைந்து உண்டாகும் பொருள் இன்னும் நெடுநேரம் தங்கும். ஆகவே தொல்லை சில நாட்கள் கழித்தே தலைகாட்டலாம். பழைய பதற்றம் திரும்பிவிட்டது என்று நோயாளியும் வீட்டாரும் எண்ணி ஏமாறுவது இதனால்தான்.

இங்கேதான் நூலின் குறையும் தென்படுகிறது. ஆசிரியைக்கு முன்பே பதற்றம் இருந்தது. உடன் வாழ்ந்த ஆடவரோ அவரைக் கொடுமைப்படுத்தினார். இவற்றோடு மருந்தை விட்டதும் சேர்ந்துகொண்டது. துன்பத்தில் எந்தப் பங்கு எதனால் வந்தது என்பதை ஒருவருடைய தன்வரலாறு பிரித்துக் காட்ட இயலாது. வாசகரோ எல்லாப் பழியையும் மாத்திரையின் மேல் போட்டுவிடுகிறார். பயந்துபோய், தம் வீட்டில் ஒருவர் உண்டுவரும் மாத்திரையைக் குப்பையில் எறிந்தால் என்ன ஆகும்? அப்பெண்மணி செய்த அதே தவற்றை அவரும் செய்தவராவார்! மருத்துவர் மேற்பார்வையில் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், சிறிது சிறிதாகக் குறைப்பதே முறை.

நிறுத்துவது மட்டுமே ஆபத்து என்று எண்ணுவதும் பிழை. சொன்ன அளவில் உண்ணும்போதே தூக்கக் கலக்கம், மறதி, தள்ளாட்டம் வரலாம். முதியோர் விழுந்து எலும்பை முறித்துக் கொள்வதுண்டு. மதுவுடன் சேர்ந்தால் மயக்கம் பன்மடங்காகும். மார்ஃபின், கோடீன் போன்ற அபினி வகை மருந்துகளுடன் சேர்ந்தாலோ மூச்சே அடங்கிவிடக்கூடும். இக்கூட்டு பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016-இல் மிகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. இவ்வளவு ஏன், வயிற்றுப் புண்ணுக்குத் தரும் ஒமிப்ரசோல்கூட, கல்லீரல் டயஸிபாமைச் சிதைக்கும் வேகத்தைக் குறைத்து, அதை உடலில் தேங்க வைக்கும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினோ அதை விரைவில் வெளியேற்றி, பயன் குன்றச் செய்யும். புதிய மருத்துவரிடம் போகும்போது பழைய சீட்டையும் கொண்டுபோகச் சொல்வது வெறும் சடங்கன்று.

இத்தனை குறை கூறினாலும் நூலாசிரியைக்குரிய பெருமையை மறுப்பதற்கில்லை. இவ்வகை மருந்துகள் அனைத்தின் விவரக்குறிப்பிலும், உடல் அவற்றுக்குப் பழகிப்போவதையும் திடீரென நிறுத்துவதால் வரும் கேட்டையும் கட்டமிட்ட எச்சரிக்கையில் சேர்க்குமாறு அதே நிர்வாகம் ஆணையிட்டது 2020-இல். அப்போது இந்நூல் வெளிவந்து 41 ஆண்டுகள் ஆகியிருந்தன.