மின்சாரக் காரின் பின்விளக்கு: ஆப் சொல்லாததை பல்பு சொல்லும்

மின்சாரக் காரில் பின்பக்க விளக்கு ஒன்று அணைந்தால் போதும், பேட்டரி போச்சா, மோட்டார் போச்சா என்று மனம் எங்கெங்கோ ஓடுகிறது. ஆனால் வண்டியை ஓட்டுகிற பெரிய பேட்டரிக்கும் பின்விளக்குக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. பெட்ரோல் காரைப் போலவே இதிலும் விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாம் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. ஆல்டர்னேட்டர் செய்த வேலையை டிசி-டிசி கன்வெர்ட்டர் செய்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

அப்படியானால் பழுது பார்க்கப் பழைய கருவிகளே போதுமா? மூன்றை எடுத்துக்கொண்டேன்: போனோடு புளூடூத்தில் இணையும் ஓபிடி ஸ்கேனர், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 21 வாட் பல்பில் இரண்டு வயர் இழுத்த டெஸ்ட் லாம்ப். சோதனைக்கு எங்கள் வீட்டு கார். பாளையங்கோட்டையில் ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதையும் வாசலில் நின்றே வாங்கிய வண்டி. இடது பக்கம் பிரேக் லைட் மங்கல். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் கூடவே துடித்தது.

ஸ்கேனர்

மலிவு ஸ்கேனர்களில் பெரும்பாலும் இருப்பது இஎல்எம்327 சிப்பின் நகல். ஓபிடி ஏற்பாடே இன்ஜின் புகையைக் கண்காணிக்க வந்தது. புகையே இல்லாத வண்டியில் பொதுவான ஆப் எதைப் படிக்கும்? ‘பழுது இல்லை’ என்று பச்சை டிக் போட்டது. விளக்குகளை ஆளும் பாடி கன்ட்ரோல் மாட்யூலில் பழுதுக் குறிப்பு இருக்கலாம். அதைப் படிக்க அந்த மாடலை அறிந்த மென்பொருள் வேண்டும். பின்விளக்குக்காக மட்டும் இதை வாங்குவது வீண்.

மல்டிமீட்டர்

டிக்கியின் ஓர உறையைக் கழற்றினால் விளக்கின் கப்ளர் கைக்கு வரும். வீட்டில் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி, பிரேக் பின்னுக்கும் பாடிக்கும் நடுவே அளந்தேன்: 13.8 வோல்ட். மின்சாரம் வந்து சேர்கிறது. சில கார்களில் மாட்யூல் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துடிப்பாக அனுப்பும். அங்கே மீட்டர் குறைத்துக் காட்டினால் பதற வேண்டாம்.

அடுத்து எர்த், அதாவது மின்சாரம் பாடி வழியாகத் திரும்பும் இணைப்பு. மீட்டரை கன்டினியூட்டியில் வைத்தால் ‘பீப்’ அடித்தது. இங்கேதான் பலரும் ஏமாறுவார்கள். பல மீட்டர்கள் முப்பது ஓம் தடை இருந்தாலும் பீப் அடிக்கும். விளக்குக்கு அது பெரிய தடை. கப்ளரை மாட்டி, விளக்கு எரியும்போதே எர்த் பின்னுக்கும் பாடிக்கும் நடுவே வோல்ட் பார்க்க வேண்டும். 0.1, 0.2க்குள் இருப்பது நல்லது. எங்கள் காரில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. விளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் எர்த்திலேயே கரைகிறது.

டெஸ்ட் லாம்ப்

வண்ணார்பேட்டை எலெக்ட்ரீஷியன் ஒருவர் எப்போதோ சொன்னது: “அண்ணாச்சி, லைட்ட கழத்துறதுக்கு முன்னால எர்த்த பாத்துக்கிடுங்க.” கப்ளரைக் கழற்றி, பல்பின் ஒரு வயரை பியூஸ் வழியாக 12 வோல்ட் பாசிட்டிவிலும் மற்றதை எர்த் பின்னிலும் வைத்தேன். 21 வாட் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். அரைகுறை இணைப்பு அந்தப் பளுவைத் தாங்காது. பல்பு சிவப்பாகக் கனன்றதோடு சரி. மாட்யூலிலிருந்து வரும் வயரில் மட்டும் இதை வைக்காதீர்கள்; எல்இடிக்கென்று அளவான வழி அது.

வயரைப் பிடித்துக்கொண்டே போனால், பாடியில் முடுக்கிய எர்த் போல்ட்டில் பச்சைக் களிம்பு. 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது லக் அடித்து, மேலே கிரீஸ் தடவினேன். மீட்டர் 0.1க்குக் கீழே வந்தது, துடிப்பும் நின்றது.

எங்கே கை வைக்கக் கூடாது

ஆரஞ்சு நிற வயர்கள் உயர் அழுத்தம். அந்தப் பக்கமே போகாதீர்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியையும் தொடாதீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை போல ஒன்று வந்து டிக்கிவரை நீர் ஏறியிருந்தால், அது சர்வீஸ் சென்டர் வேலை. விளக்குக்குள் லேசான பனிமூட்டம் தானே மறையும். தண்ணீர் தேங்கினால் சீல் போய்விட்டது. பின்விளக்குக் கண்ணாடி பெரும்பாலும் பிளாஸ்டிக் வெல்டிங் என்பதால் சூடுபடுத்திப் பிரிக்க முடியாது. எல்இடி வரிசையே செத்திருந்தாலும் முழு விளக்கையும் மாற்றத்தான் வேண்டும்.

மின்சாரக் காரில் பிரேக் லைட் பழுதைத் தள்ளிப்போடவும் முடியாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே ரீஜென் (மோட்டாரே பிரேக்காக வேலை செய்வது) வேகத்தைப் பிடித்து இழுக்கும். அந்த வேகக் குறைவு வினாடிக்கு வினாடி 1.3 மீட்டரைத் தாண்டினால் பிரேக் லைட் எரிந்தே ஆக வேண்டும் என்கிறது ஐ.நா.வின் ஆர்13-எச் விதி. பாபநாசம் மலைப்பாதையில் இறங்கும்போது பின்னால் வருகிறவருக்கு அந்த விளக்கு ஒன்றுதான் தகவல்.

தீர்ப்பு

முதலில் டெஸ்ட் லாம்ப், அடுத்து மல்டிமீட்டர். இரண்டும் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். ஸ்கேனர் கடைசி. நீங்களே செய்யத் தயங்கினால் பழைய ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போங்கள். ‘இவி’ என்றதும் ஒதுங்கும் அவர்களுக்கு, இந்த 12 வோல்ட் வேலை கைவந்த கலை. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் ஆலை திறந்துவிட்டது. மின்சாரக் கார் செய்யும் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம். எர்த் போல்ட்டைத் தேய்க்கக்கூட சர்வீஸ் சென்டர் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. முழு விளக்கை மாற்றச் சொன்னால், எர்த்தில் எத்தனை வோல்ட் விழுகிறது என்று முதலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் பணம் கட்டாதீர்கள்.