இயங்குதளங்களில் ஒளிந்திருக்கும் நகைச்சுவை

நிரலர்கள் தாம் எழுதும் மென்பொருளுக்குள், பயனரின் கண்ணில் எளிதில் படாதவாறு வைத்துவிடும் வேடிக்கை 'ஈஸ்டர் முட்டை' எனப்படும். ஈஸ்டர் பண்டிகையில் பெரியவர்கள் ஒளித்து வைக்கும் முட்டைகளைக் குழந்தைகள் தேடி எடுப்பதை ஒட்டி இப்பெயர் அமைந்தது. இவற்றைத் தேடுவது இன்று ஒரு பொழுதுபோக்கு. ஆனால் எல்லா முட்டைகளும் ஒரே தரத்தவை அல்ல.

தொடக்கம்

அட்டாரி நிறுவனம் அக்காலத்தில் தன் விளையாட்டுகளில் ஆக்கியவரின் பெயரைக் குறிப்பிட்டதில்லை. 1980இல் வெளிவந்த 'அட்வெஞ்சர்' விளையாட்டில் வாரன் ராபினெட் தம் பெயரை ஓர் இரகசிய அறைக்குள் ஒளித்து வைத்தார். ஆக, இவ்வேடிக்கைக்குள் உழைத்தவரின் கையொப்பம் இருக்கிறது. விண்டோஸ் 95இலும் இதையே காணலாம். ஒரு கோப்புறைக்குக் குறிப்பிட்ட மூன்று பெயர்களை வரிசையாகச் சூட்டித் திறந்தால், அதை உருவாக்கியவர்களின் பெயர்கள் இசையுடன் திரையில் ஓடும்.

நகைப்பும் நம்பிக்கையும்

2002 சனவரியில் பில் கேட்ஸ் ஊழியர்களுக்கு எழுதிய மடல் நம்பகத்தன்மையை முதன்மைப்படுத்தியது. அதன்பின் மைக்ரோசாப்ட் இத்தகைய முட்டைகளைக் கைவிட்டது. இது சுவையற்ற முடிவாகத் தோன்றலாம். ஆனால் காரணம் வலுவானது. அறிவிக்கப்படாத ஒன்று உள்ளே இருக்க முடியுமென்றால், வேறு என்ன இருக்கிறது என்று பயனர் கேட்பது நியாயமே.

லினக்சில் மூல நிரல் திறந்தே கிடக்கிறது. டெபியனில் 'ஆப்ட்-கெட் மூ' என்று தட்டச்சிட்டால் எழுத்துகளால் வரைந்த பசு தோன்றும். 'ஆப்டிட்யூட்' கருவியோ தன்னிடம் முட்டையே இல்லை என்று சாதிக்கும். விடாமல் வற்புறுத்தினால், 'குட்டி இளவரசன்' நூலில் வரும் யானையை விழுங்கிய பாம்பைக் காட்டும். கேட்டவருக்கு மட்டுமே பதில் சொல்வதால் இவ்வேடிக்கை யாருக்கும் இடையூறில்லை.

'மேன்' என்ற கையேட்டுக் கட்டளையில் 2011இல் சேர்ந்த முட்டை அப்படியல்ல. நள்ளிரவு 12.30க்கு அக்கட்டளையை இயக்கினால், அபா குழுவின் 1979ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றின் தலைப்பை அது பிழைச்செய்தி வழியே அச்சிட்டது. 'மேன்' என்ற சொல் அப்பாடலின் தலைப்பிலும் உண்டு என்பதே சிலேடை. சிலேடை நயமானதுதான். ஆனால் 2017இல் ஒருவருடைய தானியங்கிச் சோதனை இதனால் தோல்வியுற்றதும், அந்த வேடிக்கை நீக்கப்பட்டது. இங்கே நகைச்சுவை கேட்காதவரின் வேலையில் குறுக்கிட்டது.

ஆண்ட்ராய்டில் பதிப்பெண்ணைப் பலமுறை தட்டினால் வரும் படமும் விளையாட்டும் மூன்றாம் வகை. இவை நிறுவனம் அறிந்தே வைப்பவை. இடர் குறைவு, கண்டுபிடிக்கும் சுவையும் குறைவு.

மதிப்பீடு

நல்ல முட்டை அழைத்தால் மட்டுமே வெளிவரும். பிறர் வேலையைக் கெடுக்காது. உடன் பணியாற்றுவோர் அறிந்ததாக இருக்கும். டெபியனின் பசு இம்மூன்றிலும் தேறுகிறது. 'மேன்' கட்டளையின் சிலேடை முதல் இரண்டில் தவறுகிறது. ராபினெட்டின் அறை மூன்றாவதில் தவறினாலும், அக்குற்றத்தில் பாதி அவர் பெயரை மறைத்த நிறுவனத்தையே சாரும். உழைத்தவர் பெயரை வெளிப்படையாகப் போட்டிருந்தால், அதை ஒளித்து வைக்கும் தேவையே எழுந்திராது.